பிரியாணி ஊரில் தாய்லாந்துச் சாப்பாடு

கொடைக்கானல் போகும் வழியில், திண்டுக்கல்லில் மதியப் பசி. பிரியாணிக் கடையில் இடம் இல்லை. எதிர்ச் சந்தில் ஒரு தாய்லாந்து உணவகத்தின் பலகையை மனைவி காட்டுகிறாள்.

"அங்கிட்டுப் போயிராதீங்க. கருவாட்டு வாடை, வயித்தக் கெடுத்துரும்," என்கிறார் பிரியாணிக் கடைக்காரர்.

மனைவி கேட்டால்தானே! உள்ளே ஈ, காக்கைகூட இல்லை. ஆளில்லாத ஓட்டலில் சாப்பிடக் கூடாது என்பது என் கட்சி. தேங்காய்ப்பால் குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டே வாயில் வைக்கிறேன். அப்புறம் இரண்டு தடவை சோறு வாங்குகிறேன்.

"இவ்ளோ நல்லா இருக்கு, ஏன்க்கா கூட்டமே இல்ல?" என்று சமைத்த அக்காவிடம் மனைவி கேட்கிறாள்.

"பிரியாணி ஊர்ல இத உக்காந்து சாப்புடக் கூச்சப்படுறாங்க. அம்புட்டும் பின்வாசல் பார்சல்தான்."

பின்கதவை யாரோ தட்டுகிறார்கள். தூக்குவாளியோடு அதே பிரியாணிக் கடைக்காரர்.

"வீட்ல கேட்டாங்க," என்கிறார், நாங்கள் எதுவும் கேட்காமலே.