மினுக்குத் தண்ணி

"மீனத் தொட்டுப் பாருங்க, கேன்ல மட்டும் கைய வுடாதீங்க" என்று வாங்க வந்தவரின் கையைத் தட்டிவிட்டு, பெரியம்மாள் ஒரு சொம்பு நீரைச் சங்கரா மீன்களின் மேல் ஊற்றுகிறாள். வீட்டு போர்வெல் தண்ணீர் அது. முந்தின நாளே காய்ச்சி, ஆறவைத்து, இருபது லிட்டர் கேனில் நிரப்பி வடக்கனந்தல் சந்தைக்குச் சுமந்து வருவாள். மீன்காரிக்கு இத்தனை ஆசாரம் வேறெங்கும் பார்க்க முடியாது.

எதிர்ப் பலகை கொளஞ்சியம்மாளிடமும் ஒரு கேன் உண்டு. கடற்கரைக்கு ஏலம் எடுக்கப் போகும்போதே படகுத்துறையில் மொண்டு வருவது. அதைத் தெளித்தால் மீன் மினுமினுவென்று இப்போதுதான் பிடித்ததுபோல் இருக்கும். ஜனம் அங்கேதான் மொய்க்கிறது. அவள் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பெரியம்மாளின் பதினான்கு வருட வாடிக்கையில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஏலத்துக்குப் போன ஒருநாள், அந்தத் துறையில் பரிசோதனைக்காகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்களிடம் பெரியம்மாள் பேச்சுக் கொடுத்தாள். சாக்கடை கலக்கிற இடம், வெயில் ஏற ஏறக் கிருமி பெருகும், கையில் காயமிருந்தால் தொடவே கூடாது என்றார்கள். ஊர்மேல் அக்கறை கொஞ்சம்தான். கொளஞ்சியை மடக்க ஒரு பிடி கிடைத்த சந்தோஷமே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

சந்தையெல்லாம் சொன்னாள். அதுவே வினையாயிற்று. "கடல் தண்ணியில கிருமின்னா, உன் மீனு மட்டும் இன்னா ஏரியிலயா பொறந்துது?" என்று கேட்டார் ஆட்டோக்கார வேடியப்பன். "ஆழக் கடலு வேற, தொறை தண்ணி வேறங்க" என்று அவள் விளக்குவதற்குள், மீன் வாங்க நின்றிருந்த இரண்டு பேரும் கோழிக்கடைக்குப் போய்விட்டார்கள். பொறாமை பிடித்தவள் என்ற பெயர்தான் மிச்சம். அது பொய்யில்லை என்பதுதான் அவளை உறுத்துகிறது.

போன வியாழக்கிழமை கொளஞ்சியின் விரலில் கெளுத்தி முள் குத்தியது. துணியைச் சுற்றிக்கொண்டு, அதே கையை அதே கேன் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாளுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, ஒளிப்பானேன். ஞாயிறு காலை அந்தக் கை மணிக்கட்டு வரை சிவந்து உப்பியிருந்தது. தராசை இடக்கையால் தூக்கினாள். அதைக் கண்டதும் குளுகுளுப்பெல்லாம் போயிற்று. பெரியம்மாள் தன் கேனைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

"நீட்டுடி கைய."

"ஒண்ணும் இல்லக்கா, நாளைக்கு வத்திடும்."

"வத்தும், கையோட சேத்து. பேசிக்கினு நிக்காத, நீட்டு."

பாதிக் கேனைக் காயத்தின் மேல் ஊற்றினாள். கொளஞ்சியின் மீன்கூடையைப் போகிற வழியில் அவள் வீட்டில் இறக்கச் சொல்லி, அவளை வேடியப்பனின் ஆட்டோவில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டாள். "தொறை தண்ணி பட்டுதுன்னு டாக்டராண்ட சொல்லு. மறைக்காத."

ஆட்டோ போனதும் ஒரு பெண் வந்து பெரியம்மாளின் மீனைப் புரட்டிப் பார்த்தாள். "கொளஞ்சி இல்லியா? அது மீனுன்னா கண்ணாடி மாரி இருக்கும். சரி, அது வந்ததும் வாங்கிக்கறேன்" என்று போய்விட்டாள்.

பெரியம்மாள் எதிர்ப் பலகைக்குப் போனாள். கொளஞ்சி விட்டுப்போன கேனைச் சாக்கடையில் கவிழ்த்தாள். இரண்டு தரம் அலசினாள். தன் கேனில் மிச்சமிருந்த காய்ச்சிய நீரை ஒரு சொட்டு விடாமல் அதில் ஊற்றி, கொளஞ்சியின் பலகைக்கடியிலேயே வைத்தாள்.

"இத்தத் தெளிச்சிக்கினு மினுக்குடி, பாக்கலாம்" என்று முணுமுணுத்தபடி, மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினாள்.