புத்தகத்துக்கு அனுமதி இல்லை, தாளுக்கு உண்டு

தாம்பரத்துக்குக் கிழக்கே, எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில், ஒரு கிளை நூலகம் இருக்கிறது. வாசலில் கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டால் விதிகள் எழுதியிருக்கும். அமைதி காக்கவும். கைப்பேசியை அணைக்கவும். சொந்தப் புத்தகங்களுக்கு அனுமதி இல்லை. முதல் இரண்டை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாவதை எல்லோரும் மதித்தார்கள், தங்கள் வழியில்.

மறைமலை நகரில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அரசு உதவிப் பொறியாளர் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்கு வேண்டியவை: பாடப் புத்தகம், பழைய வினாத்தாள்கள், உட்கார ஓர் இடம். முதல் இரண்டும் கடையில் கிடைத்தன. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரே படுக்கையறை. அதில் அண்ணன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பகலெல்லாம் எந்த ஊர் வாடிக்கையாளரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். கூடத்தில் அம்மாவின் தையல் மெஷினும் அப்பாவின் டிவியும். எனக்கு மீதி இருந்தது மொட்டை மாடி. வெயில் ஏறியதும் அதுவும் இல்லை.

நூலகத்துக்குப் போன முதல் நாளே வாசல் மேசையில் இருந்த உதவியாளர் அக்கா என்னை நிறுத்தினார்.

“இன்னாம்மா, புக்கோட வந்துகினு கீற? போர்டப் பாக்கலியா?”

“படிக்கத்தான்க்கா.”

“எல்லாரும் படிக்கத்தான் வர்றாங்க. போறப்ப அது உன் புக்கா, எங்க புக்கான்னு நான் இன்னாத்தக் கண்டேன்?”

அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. தொழிற்சாலையிலும் உள்ளே வரும் பொருளையும் வெளியே போகும் பொருளையும் ஒரே மேசையில் வைக்க விடமாட்டோம். சரி என்று திரும்பினேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“இரு. புக்குதான் கூடாது. பேப்பர் கூடாதுன்னு எங்கனா எழுதிகீதா? எதிர்க்க ஜெராக்ஸ் கடைக்குப் போ. அவன் பாத்துப்பான்.”

ஜெராக்ஸ் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. என் புத்தகத்தை வெட்டும் மெஷினில் வைத்து, முதுகுப்பக்கத்தை ஓர் அழுத்தில் நறுக்கினார். பசை ஒட்டிய பட்டை குப்பைத் தொட்டியில் விழுந்தது. தடித்த புத்தகம் தாள்கட்டாகி என் கைக்கு வந்தது.

“பைண்டிங் பண்ணத்தான் கடையப் போட்டேன். இப்ப கயட்டறதுலதான் பொயப்பு ஓடுது,” என்றார்.

உள்ளே போனதும் தெரிந்தது. தேர்வுக்குப் படிக்க வந்த எல்லோர் முன்னாலும் கிளிப் போட்ட தாள்கட்டுகள்தாம். ஒருவரிடமும் புத்தகம் இல்லை.

பெண்களுக்கு ஒரு மேசை. அலமாரிக்குப் பின்னால், மின்விசிறிக்காற்று எட்டாத மூலையில். அதில் பாதியை, பிரிக்காத புதுப் புத்தகக் கட்டுகள் பிடித்திருந்தன. கழிப்பறை பூட்டியே இருக்கும். சாவி நூலகர் சாரின் மேசையில். ஆண்கள் பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டு வருவார்கள். பெண்கள் கூடம் முழுவதையும் கடந்து போய், “சார், சாவி” என்று கேட்க வேண்டும். கேட்டால் எல்லாச் செய்தித்தாள்களும் ஓர் அங்குலம் இறங்கும். அதனால் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பழகினேன்.

தினமும் எனக்கு முன்பே வந்து விளையாட்டுப் பக்கத்தை விரித்துவைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர், என்னைக் கண்டதும் அறிவிப்பார்: “கலெக்டரம்மா வந்தாச்சு. எல்லாரும் எழுந்து நில்லுங்கப்பா.” மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் போகும்போது மட்டும் அவர் குரல் கேட்காது. இருந்தும் அந்த நாற்காலி எனக்குப் போதும் என்று இருந்தேன். தேர்வு வரை அது இருந்தால் போதும்.

மழைக்காலம் தொடங்கிய நேரத்தில் ஒரு நாள், நூலகர் சார் பெண்கள் மேசைக்கே வந்தார். அவர் கையில் நூலகத்தின் பொது அறிவு வினாவிடைப் புத்தகம். நடுவில் யாரோ ஒரு கொத்துப் பக்கங்களைக் கிழித்திருந்தார்கள்.

“பையைக் காட்டும்மா.”

காட்டினேன். டிபன் பாக்ஸ், குடை, தாள்கட்டு.

“இது என்ன, லூஸ் லூஸா பேப்பர்?”

“என் புத்தகம் சார். பிரிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“புத்தகத்தை யாராவது பிரிப்பாங்களாம்மா? படிச்ச பொண்ணுதானே நீ? யார் சொல்லிக் குடுத்தா இதை?”

நான் வாசல் மேசையைப் பார்த்தேன். சாரும் பார்த்தார். அக்கா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எனக்கு எப்படி சார் தெரியும்? உள்ள போறவங்க பையெல்லாம் நான் தொறந்தா பாக்கறேன்?”

கூடத்தில் சரசரவென்று ஓசை. மற்றவர்களின் தாள்கட்டுகள் செய்தித்தாள்களுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. “கலெக்டரம்மா கணக்கு இன்னிக்கு டேலி ஆவல,” என்றார் விளையாட்டுப் பக்கக்காரர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

தொழிற்சாலையில் குறையுள்ள பாகத்தை லைனில் நிறுத்தும்போது எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசினேன்.

“அந்தப் புத்தகத்தை இங்க வைங்க சார். உங்க பக்கம் கையால கிழிச்சது, ஓரம் பிசிறு பிசிறா இருக்கு. என்னுது மெஷின்ல வெட்டினது. உங்க தாள் அகலம், இது சின்னது. உங்களுது தமிழ், பொது அறிவு. இது இங்கிலீஷ், மெக்கானிக்கல். எந்தத் தாளை வேணும்னாலும் எடுத்து வெச்சுப் பாருங்க.”

அவர் வைத்துப் பார்த்தார். மோசமான மனிதர் இல்லை, பொறுமையாகவே பார்த்தார்.

“சரிம்மா. நீ எடுக்கல.”

நான் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“ஆனா இப்படி லூஸ் பேப்பர் உள்ள வந்தா நாளைக்கும் இதே தகராறுதான். எது உங்களுது, எது எங்களுதுன்னு தினம் உக்காந்து அளக்க முடியுமா? இன்னியோட நிறுத்திக்கலாம்.”

மறுநாள் பலகையின் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. தனித்தாள்களுக்கும் அனுமதி இல்லை. என்னோடு படித்துக்கொண்டிருந்த பெண் படியில் நின்றபடி சொன்னாள்: “நீ பாட்டுக்கு சாரி சார்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரு. ப்ரூவ் பண்றேன்னு எல்லாருக்கும் ஆப்பு வெச்சுட்ட.”

அக்கா கேட் வரை பின்னால் வந்தார்.

“கோச்சுக்காதம்மா. நானும் கான்ட்ராக்ட்தான். ஒரு வார்த்த பேசியிருந்தா என் சீட்டு கியிஞ்சிருக்கும். கான்ட்ராக்ட்னா உனக்குத் தெரியாதா?”

தெரியும். அவரைப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. புரிந்துகொண்டதால் எனக்கு நாற்காலி கிடைத்துவிடவும் இல்லை.

பிறகு சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு ரயில் நிலைய நடைமேடையில் படித்தேன். அங்கே கழிப்பறைக்குச் சாவி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நிற்காமல் போகும் வண்டி வந்தால் தாள்கள் பறக்கும். டிபன் பாக்ஸை மேலே வைத்து அழுத்திப் பிடித்தும், வெப்ப இயக்கவியலில் சில தாள்கள் தண்டவாளத்துக்குப் போயின. தேர்வு எழுதினேன். என் எண் பட்டியலில் வரவில்லை. போன தாள்களால்தான் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல என்னிடம் தரவு இல்லை.

இரண்டாம் முறைக்கு விண்ணப்பித்துவிட்டு, சமீபத்தில் அந்தத் தெரு வழியாகப் போனேன். நூலகர் மாறியிருந்தார். பலகைக்குப் புதுப் பெயின்ட். போட்டித் தேர்வுக்குப் படிப்போர் சொந்தப் புத்தகம் கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தது. பையில் தாள்கட்டு இருந்தது. உள்ளே ஏறினேன்.

அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

“வா வா. எவ்ளோ நாளாச்சு! இப்ப புக்கு கொண்டாரலாம்மா, புது சார் வுட்டுட்டாரு.” பிறகு என் கையைப் பார்த்தார். “ஐயய்யோ, இது லூஸ் பேப்பராச்சே. அது கூடாதுன்றது அப்படியேதான் கீது.”

திரும்பி வாசல் பலகையின் அடியைப் பார்த்தேன். புதுப் பெயின்ட்டில் அந்த வரியும் இருந்தது.

எதிரில் ஜெராக்ஸ் கடைக்குப் போய், கட்டை மறுபடி புத்தகமாகத் தைத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“உள்பக்கத்து மார்ஜினத்தான் அன்னிக்கே வெட்டிட்டமே. இப்ப தெச்சா எழுத்து உள்ள போயிடும்மா. ஒவ்வொரு வரியிலயும் ஒரு வார்த்த தெரியாது.”

“பரவாயில்ல, தைங்க அண்ணா,” என்றேன்.