எதிர் வயலும் டிஜிட்டல் போர்டும்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு மளிகைச் சாமான் குறித்துக் கொடுத்ததைத் தவிர ஒன்றும் எழுதியதில்லை. மறதியும் கூடிவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீடு தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் ரோட்டில், டவுன் முடிகிற இடத்தில் இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெல் வயல். மகன் துபாயில் பல வருஷம் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டின் முன்பகுதியை இடித்து பிரியாணிக் கடை கட்டினான். துபாயில் கடைக்குக் கடை வெளிச்சத்தில் படம் ஓடுமாம். அதே மாதிரி டிஜிட்டல் போர்டு ஒன்றுக்குத் திருச்சியில் சொல்லி வைத்தான். அடுப்பு வருவதற்கு முன்பே போர்டு வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் மாட்டினால் இறக்கிவிடுவார்கள் என்பதால், தார்ப்பாய் சுற்றி மாடியில் கிடந்தது.

பட்டாவும் வீட்டு வரியும் என் பெயரில் இருந்தன. அதனால் போர்டு மாட்ட அனுமதி கேட்கும் மனுவும் என் பெயரில்தான் போட வேண்டும் என்று நகராட்சி ஆபீஸில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை நான் ஆபீஸ் வாசல் மிதித்ததில்லை. மகன் கூட்டிக்கொண்டு போனான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றேன். பெயர் கேட்டபோது மகனைப் பார்த்தேன். மகன் சொன்னான். கையெழுத்து மட்டும் நானே போட்டேன்.

வரி ரசீது, பட்டா நகல், கட்டடம் தாங்கும் என்று இன்ஜினியர் கொடுத்த சான்று, வரைபடம், போட்டோ, போக்குவரத்து போலீஸின் சம்மதம் எல்லாம் கேட்டார்கள். போலீஸில்தான் முதலில் தடங்கல் வந்தது. டவுனிலிருந்து வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி போர்டு இருந்தால் டிரைவருக்குக் கண் கூசும், திருப்பி வையுங்கள் என்றார்கள். மகன் வரைபடத்தை மாற்றினான். போர்டு நேராக ரோட்டைத் தாண்டி வயலைப் பார்க்கும்படி வந்தது. வயல்தானே, மறைப்பதற்கு வீடா இருக்கிறது, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றான்.

போட்டோ எடுத்தது குறுவை அறுத்து முடிந்த சமயம். வயலில் அறுத்த அடித்தாள் மட்டும் நின்றது. மனுவில் எதிர்ப்புறம் காலியிடம் என்று எழுதிவிட்டான். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நானும் அதைப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இடத்தைப் பார்க்க ஆபீஸிலிருந்து ஆள் வருவதற்குள் சம்பா நடவு முடிந்து, பயிர் பச்சை கட்டிவிட்டது. வந்தது ஒரு சின்ன வயதுப் பெண். கீழ்வேளூர்ப் பக்கம், விவசாயக் குடும்பமாம். கையில் போட்டோவை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தது.

"காலியிடம்னு போட்டிருக்கீங்க. இங்க நெல்லு நிக்குது?"

அப்போது எதிர் வயல்காரர் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். சொந்த நிலம் இல்லை, குத்தகைக்கு உழுகிறவர். அந்த ஒரு வயல்தான் அவருக்கு. மாடியில் கிடப்பது என்ன, எந்தப் பக்கம் எரியும் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"ராத்திரி வெளிச்சம் பட்டா சம்பா கதிர் தள்ளாது, பாயம்மா. அந்தா, லைட் கம்பத்துக்குக் கீழ ஒரு வட்டம் வருஷா வருஷம் பச்சையாவே நிக்குதுல்ல? அது ஒரு வட்டத்தோட போகுது. இது எரிஞ்சா வயலே போச்சு."

அந்த வட்டத்தை நான் தினமும் பார்க்கிறேன். மற்றதெல்லாம் பழுத்து நிற்கும்போது அது மட்டும் தழையாக நிற்கும். மாட்டுக்கு அறுத்துப் போடுவார். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மகன் மாடியில் நின்று போர்டை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று பார்த்தானே தவிர, கீழே இருந்த அதைப் பார்க்கவில்லை.

"உங்க பயிர் தூங்கலேன்னா நான் வந்து தாலாட்டா பாட முடியும், அண்ணே?" என்றான்.

"பாட வேணாம் தம்பி. அணைச்சா போதும்."

வந்த பெண் சிரித்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னது. ரோட்டைப் பார்த்து வைக்க போலீஸ் விடாது. வயலைப் பார்த்து வைத்தால் இவர் ஆட்சேபணை எழுதிக் கொடுப்பார், மனு அப்படியே நின்றுவிடும். கதிர் வரும்வரை இருட்டினதும் அணைத்துவிடுகிறோம் என்று ஒத்துக்கொண்டால், அதை நிபந்தனையாகப் போட்டு மேலே அனுப்பலாம்.

ராத்திரி எரியாத போர்டு எதற்கு என்று மகன் சத்தம் போட்டான். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்றான். அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது.

"மனு உங்க பேர்லதாம்மா இருக்கு. நீங்க சொல்லுங்க."

வெளி ஆட்கள் முன்னால் நான் பேசிப் பழக்கமில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கதிர் வர்ற வரைக்கும் ராத்திரி போட வேணாம்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டது. நான் கையெழுத்துப் போட்டேன். எதிர் வயல்காரர் வரப்பேறிப் போனார். சாப்பிட வா என்றால் வருவான், அதற்கு மேல் மகன் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

அனுமதி வந்தது. கார்த்திகையில் கடை திறந்தோம். பகலில் போர்டில் பிரியாணிச் சட்டி படம் ஓடும், வெயிலில் யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் அணைத்துவிடுவான். சாப்பிட வருகிறவர்கள், "என்ன பாய், புது போர்டு அதுக்குள்ள ரிப்பேரா?" என்று கேட்பார்கள். முதலில் எரிச்சல்பட்டான். பிறகு, எதிரே பிள்ளைகள் தூங்குகின்றன என்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

காலையில் கடை கூட்டியதும் வயல் பக்கம் போக ஆரம்பித்தான். வரப்பில் குந்தி, தண்டை விரலால் நசுக்கிப் பார்ப்பான். உள்ளே கதிர் திரண்டிருந்தால் உருண்டையாகத் தட்டுப்படும், அதைத் தொண்டைக் கதிர் என்பார்கள். எதிர் வயல்காரர் தூர இருந்தே, "தம்பி, அமுக்கி அமுக்கிப் பாத்தா பயந்துகிட்டு வெளிய வராது" என்பார். உளுந்து விதைக்கிற தை மாதம் வரை கதிர் வராமல் இழுத்துவிடுமோ என்று இவன் கேட்பான். ஒரு சமயம் மழை பிடித்து வயலில் தண்ணீர் நின்றபோது, மண்வெட்டியோடு போய் அவருடன் வடிகால் வெட்டிவிட்டு வந்தான். அக்கறை பயிர் மேலா போர்டு மேலா என்று நான் கேட்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் அவர் கடை வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை, காலெல்லாம் சேறு.

"மூலை முடுக்கெல்லாம் வெளிய வந்து பூத்துருச்சு, பாயம்மா. இனிமே போட்டுக்கச் சொல்லுங்க."

அன்று மாலை மகன் போர்டை அணைக்காமல் விட்டான். கதிர்கள் ஒரு நேரம் சிவப்பாகவும் ஒரு நேரம் நீலமாகவும் தெரிந்தன. அவர் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மகன் உள்ளே வந்து, "அம்மா, டீ போடவா?" என்று கேட்டான்.

அந்த நிபந்தனை ஒரு சம்பாவுக்கு மட்டுமா, அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் உண்டா என்று எனக்கு விளங்கவில்லை. ஆபீஸில் கேட்ட காகிதங்களையும் வரிசை மாற்றிச் சொல்லியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு முறை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.