அக்காவின் பல்லில் தங்கிய முனை

எங்கள் பல் மருத்துவமனையில் டாக்டருக்கு வலக்கை யார் என்று கேட்டால், அவருக்கு உதவியாளராக இருக்கும் பெண்ணைத்தான் சொல்வேன். வாசலில் டோக்கன் கொடுக்கிற எனக்கே அவள்மேல் பொறாமை உண்டு. டாக்டர் கேட்குமுன் கருவி அவர் கையில் இருக்கும். அந்தப் பெருமையில் சொந்தபந்தம் எல்லோரையும் எங்களிடமே இழுத்து வருவாள். "நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க" என்பாள்.

வேர் சிகிச்சையில் பல்லுக்குள் குடைய மெல்லிய கம்பி ஒன்று உண்டு; ஃபைல் என்போம். சில பேருக்குப் பயன்படுத்தியபின் அதன் முறுக்கு தளர்ந்துவிடும்; பல்லுக்குள்ளேயே முறியலாம் என்பதால் தூக்கிப் போட வேண்டும். எங்கள் டாக்டரோ மகா கஞ்சன். "இன்னும் ஒரு ஆளுக்குத் தாங்கும்" என்பார். அவளும் கழுவி, சுத்தம் செய்து, மறுபடி நீட்டுவாள்.

அந்த இன்னும் ஒரு ஆளாக ஒருநாள் அவளுடைய அக்கா வந்து படுத்தாள். அம்மா போனபின் இவளைத் தூக்கி வளர்த்தவள். முறுக்கு தளர்ந்ததைப் பார்த்தும், பழக்கதோஷத்தில் இவள் அதையே நீட்டினாள். முனை கடைவாய்ப் பல்லுக்குள் முறிந்தது. டாக்டர் தோண்டிப் பார்த்தார், வரவில்லை. மேலே அடைத்து மூடிவிட்டார்.

"அக்காகிட்ட சொல்லிடட்டுமா டாக்டர்?"

"எதுக்கும்மா வீணா பயமுறுத்தணும்? ஒண்ணும் ஆகாது. வேலை வேணுமா வேணாமா?"

இதை அவளே பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். புருஷன் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நேரம். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிற இடத்தில் இவள் வாயை மூடிக்கொண்டாள். "அக்காகிட்ட சொல்லித் தொலையேன்டி" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கொஞ்ச நாளில் அக்கா கன்னம் வீங்கி வந்தாள். அன்றைக்கென்று பார்த்து, ஊரிலுள்ள மருத்துவமனைகளில் வேர் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிற மாணவி ஒருத்தியும் வந்திருந்தாள். அக்கா நாற்காலியில் இருக்கும்போதே கேள்விகள் ஆரம்பித்தன.

"ஃபைல் பல்லுக்குள்ள உடைஞ்சா நோயாளிகிட்ட சொல்லுவீங்களா?"

"கட்டாயம் சொல்லுவோம். அது அவங்க உரிமை இல்லையா?" என்றார் டாக்டர், கூசாமல்.

மாணவி இவள் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிடுவோம் மேடம்."

வீங்கிய வாயோடு அக்கா சிரித்தாள். "என் தங்கச்சி சூதுவாது தெரியாதவ, எழுதிக்கோங்க." கதவருகில் நின்ற நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் வீக்கம் அடங்கவில்லை. அக்கா வேறு இடம் போனாள். அங்கே எக்ஸ்ரேயில் முனையைக் காட்டிவிட்டு, பல்லையே பிடுங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை அக்கா என் மேசை முன் வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போட்டால் தேவலை என்றும் இருந்தது. தங்கையை மட்டும் கூப்பிடச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு கேட்டப்போ நான் அங்கதானேடி படுத்திருந்தேன்?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்க்கா."

"என்கிட்ட சொல்லியிருந்தா உன் வேலைக்கு நான் உலை வெச்சிருப்பேனா?"

உள்ளே டாக்டர் மணியடித்தார். இவள் கண்ணைத் துடைத்து, முகமூடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்த ஒருவர் அக்காவிடம் கேட்டார். "இங்க நல்லா பாப்பாங்களாம்மா?"

அக்கா மூடிய கதவைப் பார்த்தாள். "என் தங்கச்சி இங்கதான் வேலை செய்யறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவர் நிம்மதியாக உட்கார்ந்தார். நான் டோக்கன் கொடுத்தேன்.