ஏழுமலை யாருங்க?

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்க ஆரணி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஊசி போடும் முன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துவிடும். மற்றவர்களுக்கு ஊசி ஞாபகம் வரும், குழந்தைகளாக இருந்தால் அழுகை வரும். எனக்கு மருமகள் கஸ்தூரியின் ஞாபகம் வரும். அவள் தலையணையில், துவைத்துப் போட்ட புடவையில், சோறு போடுகிற கையில் எல்லாம் அந்த வாடை ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு இருந்ததெல்லாம் தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவுக்குப் போடுகிற கஞ்சி வாடைதான். இப்போது இரண்டும் கலந்துவிட்டது. எனக்கு இரண்டும் பிடிக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேனா, உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வேலூர் வேலூர் என்று கூவுவார்களே, அந்த மாதிரிக் குரல்.

“ஏழுமலை! ஏழுமலை யாருங்க?”

மூன்று பேர் எழுந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தடுக்கி விழுந்தால் ஒரு ஏழுமலை மேல்தான் விழவேண்டும்.

“எந்த ஊரு ஏழுமலை?”

“வெம்பாக்கங்க.”

“நீங்க வாங்க. மத்த ஏழுமலைங்கல்லாம் ரவ உக்காருங்க.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னா ஆயா, தனியா சிரிச்சிகினு கீற?” என்று கேட்டாள். “கூப்டறது என் மருமவம்மா” என்றேன். அவளுக்கு என்ன புரியும்? இந்தப் பெயர் வாயில் வராததால்தான் என் மருமகளின் நர்ஸ் படிப்பே பாதியில் போக இருந்தது. உங்களுக்காவது சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி திவ்யா போனில் தட்டுகிறாள். “ஆயா, நீ பேசறத அப்டியே போட்டா எவனும் படிக்க மாட்டான்” என்று நல்ல தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மற்றவர்கள் பேசினது மட்டும் பேசின மாதிரியே இருக்கட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஏழுமலை என்பது என் மாமனார் பெயர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. எனக்குப் பையன் பிறந்ததும் தாத்தா பெயரையே அவனுக்கு வைத்துவிட்டார்கள். அப்புறம் நான் எப்படி அவனைக் கூப்பிடுவது? ‘நைனா’ என்றே கூப்பிட்டேன். அவனுக்குக் கஸ்தூரியைக் கட்டிவைத்தோம். முள்ளிப்பட்டுப் பெண். அவளுக்கு அது புருஷன் பெயர் ஆயிற்றே, அவளும் சொல்லமாட்டாள். “இன்னாங்க” என்பாள். தறி சத்தத்தில் அது கேட்காவிட்டால் வளையலை ஆட்டுவாள். அதுவும் கேட்காவிட்டால், “அத்தே, ரவ கூப்டுங்க” என்று என்னிடம் வருவாள். ஆக, எங்கள் வீட்டில் ஒரு பொம்பளை வாயிலும் அந்தப் பெயர் வந்ததே கிடையாது. ரேஷன் கடைக்காரர் கூப்பிடுவார், கூட நெய்கிற ஆட்கள் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் அவன் பெயரில்லாத ஆள்.

கஸ்தூரி கல்யாணத்துக்கு முன்பே பன்னிரண்டாவது முடித்தவள். நர்ஸ் ஆகவேண்டும் என்று அப்போதே ஆசை. கல்யாணம், திவ்யா, அப்புறம் சின்னவன், அதில் ஆசை எங்கேயோ அடியில் போய்விட்டது. பிள்ளைகள் தாங்களாகத் தலை வாரிக்கொள்ளும் வயசு வந்ததும் ஒரு நாள், “அத்தே, வயசு வரம்பு முடியப் போவுது. இப்ப சேரலன்னா எப்பவுமே கிடையாது” என்றாள். என் பையன் தறியில் இருந்து இறங்காமலே, “சேந்துக்கோ, யாரு வேணாம்னது” என்றான். அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களெல்லாம் தறி ஓட ஓடவே முடிந்துவிடும். ஒரு கைலி எடுப்பதற்குத்தான் நாள் முழுக்கப் பேசுவோம்.

வெள்ளை யூனிபார்ம் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிய முதல் நாள் எதிர்வீட்டுக்காரி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். “புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல இன்னாமே வெள்ளைய கட்டிகினு போற?”

“ஆரத்தி எடுக்கறியா, இல்ல வழிய விடறியா?” என்றேன் நான். கஸ்தூரி சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

அங்கே போனால் வேறு பேஜார். கூடப் படிக்கிற பெண்களெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். இவளை ‘ஆன்ட்டி’ என்பார்கள். பாடம் சொல்லித்தருகிற மேடமே இவளைவிட வயசில் சின்னவர், அவர் வந்தால் இவள் எழுந்து நிற்கவேண்டும். நோயாளிகளோ, தலையில் லேசாக நரை எட்டிப் பார்க்கிறதே, அதைப் பார்த்துவிட்டு இவள்தான் பெரிய சிஸ்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். “எப்ப சிஸ்டர் வூட்டுக்கு அனுப்புவீங்க?” என்று இவளைக் கேட்பார்கள். “நானே எப்ப வூட்டுக்குப் போவேன்னு பாத்துகினு கீறேன்” என்பாளாம். சாயங்காலம் வந்தால் கால் இரண்டும் உப்பியிருக்கும். வெந்நீரில் கல்லுப்பு போட்டு வைப்பேன். காலை அதில் விட்டுக்கொண்டே படிப்பாள்.

படிப்பது எல்லாம் இங்கிலீஷ். சின்னப் பெண்களுக்கு ஒரு தடவை படித்தால் நிற்கும், இவளுக்கு நிற்காது. எலும்பு பேரெல்லாம் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணுவாள். ஒரு நாள் “பட்டெல்லா, பட்டெல்லா” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நெய்து மடித்து வைத்திருந்த புடவை பற்றி ஏதோ கவலை என்று நினைத்து, “பட்டெல்லாம் பத்தரமா கீதுமே, பொட்டில வெச்சி பூட்டிட்டேன். நீ கம்முனு படி” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் காலடியில் இருந்த வெந்நீர் கொட்டிவிட்டது. பட்டெல்லா என்றால் முழங்கால் சில்லாம். அதற்கப்புறம் நான் டாக்டரிடம், “சார், என் பட்டெல்லா வலிக்குது” என்றுதான் சொல்கிறேன். உடனே எழுந்து நாற்காலி போடுகிறார்கள்.

எங்கேயோ போய்விட்டேன். பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

வார்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆண்கள் வார்டு. அதில் ஏழுமலை இல்லாத நாளே கிடையாது. கஸ்தூரி ஒரு வழி கண்டுபிடித்தாள். யாரிடம் போனாலும், “அண்ணா, உங்க பேரை நீங்களே சொல்லுங்க” என்பாள். அவர் சொல்வார், இவள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள். மேடம் இதைக் கவனித்துவிட்டு எல்லோர் எதிரிலும், “பாருங்க, இப்படித்தான் கேட்கணும். பேஷண்ட் வாயாலேயே பேரைச் சொல்ல வைக்கணும்” என்று பாராட்டினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். “எதுக்கு கேக்கறேன்னு அவங்களுக்கு எங்க தெரியும் அத்தே?”

அந்த வழி ஒரு நாள் அடைத்துப்போனது. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிய பெரியவர் ஒருவர். மயக்கம் தெளியாமல் படுத்திருந்தார். அவருக்கு ட்ரிப்ஸ் மாட்டவேண்டும். பக்கத்தில் அவர் பெண்டாட்டி. கஸ்தூரி அந்த அம்மாவைக் கேட்டாள்.

“இவரு பேரு இன்னாங்கம்மா?”

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயே, போ சிஸ்டர். திருப்பதில எத்தினி மலை? அதான்.”

கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் மேடம் பாட்டிலோடு வந்து நின்றார். “பேரு கேட்டீங்களா? யாரு இவரு?”

“கேட்டேன் மேடம்.”

“சொல்லுங்க.”

இவள் அந்த அம்மாவைப் பார்க்கிறாள். அந்த அம்மா இவளைப் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் புருஷன் பெயர் ஒன்றேதான், இரண்டு பேர் வாயிலும் வராது. கடைசியில் இவள், “ஆறுக்கு மேல ஒன்னு மேடம்” என்றாளாம்.

மேடத்துக்கு அது கட்டில் நம்பராகக் கேட்டிருக்கிறது. “ஆறா?” என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆறாவது கட்டிலுக்கு நடந்துவிட்டார். அங்கே படுத்திருந்தது வேறு யாரோ ஒரு பையன். எப்படியும் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டியிருப்பார், அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் கஸ்தூரிக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் அவர் கையையே பிடித்துக்கொண்டாள். “வேணாம் மேடம், வேணாம் மேடம்!”

என்ன ஏது என்று விசாரித்ததும் கூடப் படிக்கிற பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

“வீட்டுல நீங்க எப்படி வேணா கூப்பிடுங்க, அது உங்க இஷ்டம். இங்க பேரு மாறினா உயிரு போயிடும். நாளைக்கு இந்த வார்டுல எல்லார் பேரையும் நீங்கதான் கூப்பிடணும். முடியலன்னா வார்டுக்கு வராதீங்க.”

வார்டுக்குப் போகாமல் நர்ஸ் படிப்பு ஏது?

வீட்டுக்கு வந்தவள் யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். “நான் நின்னுடறேன் அத்தே. இந்த வயசுல எனக்கு இதெல்லாம் வராது.” எல்லாவற்றையும் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வது, ஆறுக்கு மேல ஒன்று என்றால் சிரிப்பு வராதா?

அவளுக்குக் கோபம். “சிரிக்கறீங்களே, எங்க, நீங்க சொல்லுங்க பாக்கலாம்.”

“இன்னாமே, இது ஒரு பெரிய விசயமா?” என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. மாமனார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். இருந்தாலும் சொன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார் போல இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும் சொல்லாமல் விட்டால் நாளைக்கு அவள் போகமாட்டாள், அது தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். மேய்ச்சலில் இருக்கிற மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி வந்துவிட்டது.

“ஏழுமலை!”

முன் அறையில் தறி நின்றது.

“யாரு?” என்று கேட்டுக்கொண்டே என் பையன் வந்து நிலைப்படியில் நின்றான். “யாரு கூப்ட்டது?”

“நான்தான் நைனா.”

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தலை நரைக்க ஆரம்பித்த ஆம்பளை, பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். “இன்னொரு தபா கூப்டும்மா” என்றான். கூப்பிட்டேன். “இன்னாம்மா?” என்றான்.

விஷயத்தைக் கேட்டதும் கோரைப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டான். “நான்தான் பேஷண்ட். பேரச் சொல்லு, ஊசி போடு.”

“எந்திரிங்க, புள்ளைங்க பாக்குதுங்க.”

“பேஷண்ட் எப்டிமே எந்திரிப்பான்?”

கஸ்தூரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “ஏழு...” என்றாள்.

“பாதி ஆளுக்கு ஊசி போடாத. முழுசா சொல்லு.”

“ஏழுமலை.”

“ஆங், நான்தான் சிஸ்டர்.”

“ஐயே! நான் உங்களுக்கு சிஸ்டரா?” என்று அவள் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். புருஷன் பெயரை அவள் சொன்னதும், பெண்டாட்டியை அவன் சிஸ்டர் என்றதும் ஒரே நேரத்தில் நடந்தது. தப்பு இரண்டு பக்கமும் சமமாகப் போய்விட்டதால் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வார்டில் அந்தப் பெரியவர் கட்டிலுக்கு முன்னால் நின்று கூப்பிட்டாளாம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்றாள், அது கொஞ்சம் அதிகம். பெரியவர் கண்ணைத் திறந்துவிட்டார். அவர் பெண்டாட்டி, “உங்க வூட்டுல பெரியவங்க இல்லியா சிஸ்டர்?” என்று கேட்டிருக்கிறாள். “அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க” என்றாளாம் இவள். மேடம் ஊசி வைத்திருந்த தட்டை எடுத்து இவள் கையில் கொடுத்தார்.

படித்து முடித்து, ஆரணியிலேயே வேலையும் கிடைத்தது. வேலையில் சேர்ந்த புதிதில் விடுகதைப் பொம்பளைகள் நிறையப் பேர் வருவார்கள். வேல் வைத்திருப்பவர், கழுத்தில் பாம்பு போட்டவர், மாசத்துக்கு ஒரு நாள் காணாமல் போகிறவர் என்று சொல்லிவிட்டு நெளிவார்கள். மற்ற நர்ஸ்கள், “கஸ்தூரி சிஸ்டர், ஜல்தி வாங்க, ஒரு விடுகதை வந்திருக்கு” என்று கூப்பிடுவார்கள். இவள் விடுவித்துவிட்டு வருவாள். ராத்திரி சாப்பிடும்போது அந்த விடுகதைகளை எங்களுக்கும் போடுவாள். அதெல்லாம் நின்று வெகுநாள் ஆகிறது. இப்போது வருகிற பெண்கள் இனிஷியலோடு சேர்த்து டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் புருஷன், “வந்தேன் சிஸ்டர்” என்கிறான். நானும் பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ‘நைனா’ எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

போன வாரத்துக்கே வருகிறேன். என் முறை வந்தது. புதிதாக வந்த சின்னப் பெண், கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்துகொண்டு கேட்டாள்.

“பாட்டி, உங்க வீட்டுக்காரர் பேரு?”

மாமனார் பெயர்தான் பழகிவிட்டது. இது வேறு. இந்த ஒன்றை நான் இதுவரை சொன்னதில்லை, திவ்யாவையும் இங்கே போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

“காலைல கெழக்கால வருவாரு, சாயங்காலம் மேற்கால போவாரு” என்றேன்.

அந்தப் பெண் முழித்தாள். “பஸ்ஸுலயா பாட்டி?”

உள்ளே இருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். ஊர்ப்பட்ட பெயரையெல்லாம் கூவுகிற வாய். ஆனால் என் வீட்டுக்காரர் பெயர் அவளுக்கு மாமனார் பெயர் ஆயிற்றே. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேசாமல் வந்து, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எந்த பஸ்ஸு பாட்டி?” என்றாள் மறுபடியும்.