எது முன்பக்கம்

என் மச்சானுக்கும் எனக்கும் பேச்சு நின்றது ஒரு மடியால். காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். என் மகளின் தாய்மாமனோ அன்றைக்கு ரிங்லெட் மலைச்சாலையில் மண்சரிவுக்கு அந்தப் பக்கம் லாரியோடு மாட்டிக்கொண்டான். நல்ல நேரம் முடியப் போகிறதே என்று என் தம்பி மடியில் வைத்துக் குத்தச் சொல்லிவிட்டேன். அவன் வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. கை நனைக்காமல் திரும்பிப் போனான். இப்போது கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன். நல்ல நேரம் மண்சரிவுக்கெல்லாம் காத்திருக்காது.

ஆனால் இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், தேயிலைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில். பேசியே ஆக வேண்டியதை ஜாடையாகப் பேசிக்கொள்வோம். அவன் டயரைப் பார்த்துச் சொல்வான், நான் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

மேல்காட்டிலிருந்து கொழுந்து மூட்டைகளை இறக்கும் கிழட்டு டிராக்டர் புகை கக்கி நின்றபோது, இன்ஜினைப் பிரித்தவன் அவன். பிரித்து முடித்ததும் தோட்டத்துத் துரை அவனை லாரி வேலைக்கு மாற்றிவிட்டு, பூட்டும் வேலையை என் தலையில் கட்டினார். டிராக்டர் ஓடும்வரை பெண்கள் மூட்டையைத் தலையில் சுமந்து மெயின் ரோடு வரை இறங்க வேண்டும். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அவளுடைய வலது முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

இன்ஜினைக் கவிழ்த்து, கடைசல் பிடித்து வந்த கிராங்கை, அதாவது இன்ஜினுக்குள் சுற்றும் தண்டை, புது பேரிங்குகளில் படுக்க வைத்தேன். அதை அமுக்கிப் பிடிக்க நான்கு இரும்பு மூடிகள் உண்டு, கேப் என்போம். நான்கையும் முறுக்கியதும் கிராங்க் இறுகிவிட்டது. கையால் சுற்ற வேண்டிய சாமான், கம்பி போட்டு நெம்பினாலும் அசையவில்லை. எல்லாவற்றையும் தளர்த்தினேன், சுற்றியது. ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். ஓரத்துக் கேப் இரண்டிலும் குறையில்லை. நடுவிலிருந்த இரண்டில் எதை முறுக்கினாலும் பிடித்துக்கொண்டது. பேரிங்குக்கு அடியில் தூசு இருக்குமோ என்று கழற்றித் துடைத்தேன். கிராங்க் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. கடைசல் பட்டறைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அளந்து பார்த்தால் அளவும் சரி.

அப்புறம்தான் புத்தி மச்சான் பக்கம் போனது. நடுக் கேப் இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். கம்பெனிக்காரன் குத்திய நம்பர் எப்போதோ தேய்ந்துவிட்டது. பிரிக்கும்போது அவன்தான் ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் இரண்டு புள்ளியும் உளியால் குத்தியிருந்தான். அந்தப் புள்ளிப்படிதான் பூட்டியிருந்தேன். பாவி வேண்டுமென்றே மாற்றிக் குத்திவிட்டான் என்று நினைத்தேன். அவனோ லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டே, நான் நெம்புவதைப் பார்த்து மூக்கால் சிரித்தான். துரை எட்டிப் பார்த்து, ஸ்டார்ட் பண்ணினால் தானாக லூசாகிவிடும் என்றார். புது பேரிங் பொடியாகிவிடும் என்று நான் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

மத்தியான மழையில், மெயின் ரோட்டுக்கு இறங்கும் வழியில் என் மனைவி உள்ளே வந்தாள். மூட்டையை எங்கள் இருவருக்கும் நடுவில் தொப்பென்று போட்டாள்.

“அண்ணே, நீயும் இவரும் மூஞ்சி பாத்துப் பேசிக்கிற வரைக்கும், டிராக்டர் ஓடுனாலும் என் மூட்டை அதுல ஏறாது. இந்தக் கால வச்சே நான் சுமந்துக்கிறேன்.”

தூக்கிவிடக் கை நீட்டினேன். தட்டிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அவள் மேலும் ஆத்திரமாக வந்தது. கிராங்கைப் பார்த்துக் கேட்டேன்:

“ஒத்தப் புள்ளி எந்தப் பக்கத்துலேருந்து எண்ணுனதோ.”

“முன்பக்கத்துலேருந்துதான்,” என்று அவன் டயரிடம் சொன்னான்.

“அப்படித்தான் பூட்டியிருக்கு.”

“முன்பக்கம்னா ஃப்ளைவீல் பக்கம் லா. இதுகூடத் தெரியாம ஒர்க்‌ஷாப்புல வேலை.”

அவன் தொழில் பழகியது ஃபேக்டரி இன்ஜின் ரூமில். அங்கே வாசலைப் பார்த்து நின்றது ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம். அவனுக்கு அதுதான் இன்ஜினின் முகம். நான் லாரியில் பழகியவன், எனக்கு ஃபேன் இருக்கும் பக்கம்தான் முன். அவனுடைய இரண்டாவது கேப் எனக்கு மூன்றாவது. ஒவ்வொரு கேப்பையும் அதனதன் இடத்தில் வைத்தே குடைந்திருப்பார்கள். இடம் மாறினால் மயிரிழை கோணி, கிராங்கைக் கவ்விக்கொள்ளும். இரண்டையும் மாற்றி முறுக்கினேன். ஒற்றைக் கைக்குச் சுற்றியது. அவன் சதி செய்யவில்லை என்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மீதியையும் பூட்டி, மேல்காட்டுக்கு ஏற்றிய அன்று டிராக்டரை ஓட்டியவன் அவன். சத்தத்தைக் கவனிக்க நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் வரிசையாக மூட்டைகளை டிரெய்லரில் போட்டார்கள். அவள் போடவில்லை. என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் இன்ஜினைப் பார்த்தோம். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வலது காலை இழுத்தபடி சரிவில் இறங்கினாள். கூப்பிடுவதென்றால் முதலில் அவன் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அவன் என்ன நினைத்தானோ, கியரைப் போட்டான். மெயின் ரோடு வரை அவளைத் தாண்டாமல் பின்னாலேயே உருட்டினான். தாண்டு என்று நானும் சொல்லவில்லை.