சூசையம்மாள் போட்ட முடிச்சு

எங்கள் தோட்டத்தில் சூசையம்மாளுக்குத் தெரியாமல் யாரும் தும்மக்கூட முடியாது. ரெம்பாவுக்குப் போகும் சாலையில், பாலம் தாண்டியதும் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே பால் வெட்டப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் தூங்க வைப்பாள். அதே அதட்டலில் வேலை வாங்கும் மண்டோரையும் உட்கார வைப்பாள். எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக வெட்கப்பட்டதும் கிடையாது.

"எழுதுறதுக்குத்தான் ஆபீசுல கிராணி இருக்காருலா. சொல்றதுக்கு நான் இருக்கேன்" என்பாள்.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம், ஐம்பத்திரண்டாம் வருடம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் சன்னாசியும் ஒருவன். காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து அவனுக்கு நடையே மாறிப்போனது. எங்களிடமே பாஸ் கேட்பான். ஒரு நாள் துரையின் லாரிக்குத் துணையாகப் போனபோது காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். குண்டு முதுகில் பாய்ந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்துவிட்டு வந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாய் மட்டும் பழைய வாய்தான்.

அவன் மனைவி முத்தாயி விடிந்ததும் பால் வெட்டப் போயாக வேண்டும். வீட்டில் ஒருவராவது வேலைக்குப் போகாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அதனால் காலை முழுவதும் சன்னாசி தனியாகத்தான் கிடப்பான். ஒரு நாள் காப்பி கொண்டுபோன சூசையம்மாள், அவன் கட்டிலிலிருந்து உருண்டு தரையில் கிடப்பதைப் பார்த்தாள். காலெல்லாம் எறும்பு.

"நல்ல வேளக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சிரித்தான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, நேரே ஆபீசுக்கு நடந்தாள். இப்படியே போனால் பட்டணத்தில் முடமானவர்களுக்கான விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று துரை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கே போனால் திரும்பி வரமாட்டேன் என்று சன்னாசியும் சொல்லியிருந்தான். அவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கிராணி கணேசமூர்த்தி பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பணியில் அடிபட்டு, ஆள் துணையில்லாமல் இருக்க முடியாதவருக்கு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைத்துக்கொள்ள அரசாங்கம் மாதாமாதம் படிப்பணம் கொடுக்குமாம். பக்கத்து வீட்டு மயிலம்மாள், முழங்கால் வலியால் பால் வெட்டுவதை விட்டவள், சம்பளம் தந்தால் கூடவே இருக்கிறேன் என்றாள். பிறகென்ன! தினமும் காலையில் ஆபீஸ் சன்னலில் சூசையம்மாளின் முகம். "எழுதியாச்சுங்களா, கிராணி ஐயா?" மூன்று மனு, ஏழு மாதம். கடைசியில் கிராணி பின்வாசல் வழியாக வரப் பழகிவிட்டார்.

புதன்கிழமையன்று அரசாங்க அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது.

துரைமார் பார்வையிட வருகிறார்கள் என்றால் எங்களுக்கு ஒன்றுதான் தெரியும். சாக்கடைக்குச் சுண்ணாம்பு, பிள்ளைகளுக்கு எண்ணெய், அழுக்கையும் நோயையும் கண்ணில் படாமல் மறைப்பது. அப்படித்தான் வளர்ந்தோம். சூசையம்மாளும் அதையே செய்தாள். சன்னாசிக்குச் சவரம் செய்ய ஆள் பிடித்தாள். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமலிருக்கத் தன் பழைய சேலையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் சட்டையை மாட்டிப் பொத்தானும் போட்டாள். சேலையின் நுனியைப் பின்னால் கொண்டுபோய் நாற்காலிச் சட்டத்தில் முடிந்தாள். தலையில் தொப்பி.

"அக்கா, இன்ஸ்பெக்டரே தோத்தாருலா!" என்றான் கண்ணாடியைப் பார்த்து.

வெள்ளைக்கார அதிகாரி வாசலில் வந்து நின்றதும் சன்னாசி சல்யூட் அடித்தான். என்ன சல்யூட்! அதிகாரியும் மகிழ்ந்து பதிலுக்கு அடித்தார். எப்படி இருக்கிறாய் என்று மலாயில் கேட்டார்.

"பாய்க், துவான்!" என்றான் இவன், பழக்கதோஷத்தில். நன்றாக இருக்கிறேனாம்!

அதிகாரி தாளில் எழுதினார். எட்டிப் பார்த்த கிராணியின் முகம் செத்துப்போனது. "ஆயா, மோசம் போயிட்டோம். தானே உக்காருறாரு, ஆள் தேவையில்லன்னு எழுதுறாரு."

சூசையம்மாள் கத்தினாள். எறும்பு அரித்ததைச் சொன்னாள், மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். கிராணி திக்கித் திக்கி மொழிபெயர்த்தார். அதிகாரி விறைப்பாக உட்கார்ந்திருந்தவனை ஒரு முறை பார்த்தார், புன்னகைத்தார், கோப்பை மூடினார்.

"அக்கா, முடிச்ச அவுத்து விடு" என்றான் சன்னாசி.

"என்னடா தம்பி சொல்ற?"

"அவுத்து விடுக்கா. பாக்கட்டும்."

பெற்ற தாய்க்கும் தன் கிடையைக் காட்டப் பிடிக்காத பயல் அவன். சூசையம்மாள் நாற்காலிக்குப் பின்னால் போனாள். அவிழக்கூடாது என்று அவளே இறுக்கிப் போட்ட முடிச்சு. கடைசியில் பல்லால் கடித்துத்தான் இழுத்தாள். சேலை தளர்ந்ததும் சன்னாசி அரிசி மூட்டை மாதிரி பக்கவாட்டில் சரிந்தான். அவள் பிடிப்பதற்குள் அதிகாரி பாய்ந்து பிடித்துவிட்டார். தொப்பி உருண்டு வாசலுக்குப் போனது. சன்னாசி கண்ணை மூடிக்கொண்டான்.

இருவருமாக அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். அதிகாரி எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, நின்றபடியே வேறு எழுதினார். போகும்போது தொப்பியை எடுத்துத் தூசி தட்டி, அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதமே படி வந்தது. மயிலம்மாளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதிகாரி பார்க்க வருவார். அன்றைக்கும் சாக்கடைக்குச் சுண்ணாம்பு உண்டு. சன்னாசிக்கு மட்டும் நாற்காலி கிடையாது, கஞ்சி போட்ட சட்டை கிடையாது, இருக்கிறபடி கிடப்பான்.

"தொப்பி மட்டும் வச்சு விடுக்கா" என்பான்.

சூசையம்மாள் வைத்துவிடுவாள். அவன் படுத்தபடியே சல்யூட் அடிக்கும்போது மட்டும், அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவாள்.